ஆண்பிள்ளைக்கு வராத நோய்

1

இந்த நாட்டில் நான் ஆண்பிள்ளைதான் என்று வருஷத்துக்கு ஒருமுறை நிரூபிக்க வேண்டியிருக்கிறது. இன்றைக்கு அந்த நாள். ஆபரேஷன் முடிந்த பிறகு வருஷா வருஷம் நடக்கும் சோதனை. ஜெர்மனியில் நாங்கள் குடியிருக்கும் இந்தச் சின்ன நகரத்து ஆஸ்பத்திரியில் மார்பகப் பிரிவு நான்காவது மாடியில் இருக்கிறது. லிஃப்டில் ஏறும்போதே கூட வருகிறவர்கள் என் மனைவி ரோஸ்லினை ஒரு பரிதாபப் பார்வை பார்ப்பார்கள். பிறகு என்னை, மனைவியைத் தனியாக அனுப்பாமல் கூடவே வந்த நல்ல புருஷன் என்று மெச்சிக்கொள்வார்கள். அந்த நாலு மாடிக்கும் நான் நல்லவன்.

மேலே போனதும் ஒரு புதுப்பெண் கோப்போடு வெளியே வந்து "திருமதி சேவியர்" என்று அவர்கள் மொழியில் கூப்பிட்டாள். அந்தப் பிரிவின் கம்ப்யூட்டர் யார் பெயரைப் போட்டாலும் முன்னால் 'திருமதி' சேர்த்துவிடும். மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்தோம். அதற்கு வந்த மன்னிப்புக் கடிதமும் திருமதி சேவியருக்கே வந்தது. நான் எழுந்தேன். அவள் என்னைத் தாண்டி ரோஸ்லினிடம் அங்கியை நீட்டினாள். ரோஸ்லின் இதே ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறவள், சிரிப்பை அடக்கிக்கொண்டு அங்கியை வாங்கி என் கையில் கொடுத்தாள். புதுப்பெண்ணின் முகம் சிவந்துபோனது. பாவம், அவளைச் சொல்லிக் குற்றமில்லை. உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லாரும் ஒரேயடியாகப் பத்திரிகைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள்.

முதல் வருஷம் இதைவிட மோசம். விவரம் பதிகிற மேசையில் இருந்த பெண், கடைசியாக மாதவிலக்கு ஆன தேதி என்ன என்று கேட்டாள். எனக்கு ஜெர்மன் சரியாகப் புரியவில்லை என்று நினைத்து இரண்டாம் முறை கேட்டேன். சரியாகத்தான் புரிந்திருந்தது. அந்தக் கட்டத்தை நிரப்பாவிட்டால் மெஷின் அடுத்த பக்கத்துக்குப் போகாதாம், ஏதாவது ஒரு தேதி சொல்லுங்கள் என்று கெஞ்சினாள். எங்கள் கல்யாணத் தேதியைச் சொன்னேன். இன்றுவரை என் மருத்துவக் கோப்பில் அது அப்படியேதான் இருக்கிறது.

ஊரில் இருப்பவர்கள் "ஜெர்மனியில இல்லாத வைத்தியமா" என்கிறார்கள். வைத்தியம் இருக்கிறது. அதில் ஆண்பிள்ளைக்குத்தான் கட்டமில்லை.

2

கட்டி தெரிய வந்தது குளிக்கும்போது. இடது மார்க்காம்புக்கு அடியில், புளியங்கொட்டை அளவுக்கு, கல் மாதிரி. வலி கிடையாது. வலித்திருந்தால் மறுநாளே டாக்டரிடம் ஓடியிருப்பேன். வலிக்காத காரணத்தால் அந்தக் கோடை முழுக்க அதைத் தடவிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். எனக்கு அது என்னவென்று தெரியும் என்ற நினைப்பு. ஏணிக் காய்ப்பு.

மலைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் ஏற்காட்டுப் பக்கம் மிளகுக்கொடி சில்வர் ஓக் மரத்தில் உச்சிவரைக்கும் ஏறியிருக்கும். பறிக்கிறவர்கள் ஒற்றை மூங்கிலை மரத்தில் சாத்தி, அதன் கணுக்களில் விட்டுவைத்த கட்டைகளில் கால் வைத்து ஏறுவார்கள். இரண்டு கையும் பறிக்க வேண்டுமே, அதனால் பிடிமானத்துக்கு மார்பை மூங்கிலோடு அழுத்திக்கொள்வார்கள். ஒரு சீசன் ஏறினால் மார்பின் ஒரு பக்கம் தோல் தடித்துக் காய்ப்பு விழும். அது தொழில் முத்திரை. கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்க்கிறபோது பையன் உழைப்பாளியா என்பதைச் சட்டையை விலக்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும் என்று பக்கத்து ஊரான கிளியூரில் கேலி பேசுவார்கள். நானும் பள்ளிக்கூட லீவு நாட்களில் ஏறியிருக்கிறேன்.

எங்கள் அப்பா வெள்ளக்கடைப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் ஆயுசு முழுக்க மிளகு பறித்தவர். அவருக்கு இடது மார்பில் காய்ப்பு இருந்தது. பிறகு அது புண்ணானது. வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் போட்டார்கள். எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் ஏதோ களிம்பு வாங்கித் தந்தார். காம்பு உள்ளே இழுத்துக்கொண்டு, அந்த இடமே குழிந்து, நாற்றம் வந்து, கடைசியில் மூச்சு வாங்கிச் செத்துப்போனார். ஏணிப்புண் புரையோடிவிட்டது என்று எல்லாரும் சொன்னார்கள். பங்குச் சாமியாரும் அதையேதான் சொன்னார். ஆண்பிள்ளைக்கு மார்பு நோய் வரும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அதற்குப் பெயரே கிடையாது, பின்னே எப்படித் தோன்றும்?

3

கோடை முடிந்து ரோஸ்லின் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் நோயின் பெயரைச் சொன்னபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. மார்பகப் புற்றுநோய். அதில் 'அகம்' வேறு. ரோஸ்லின் சிரிக்கவில்லை.

ஆணுக்கும் அங்கே பால் சுரப்பியின் குழாய்கள் கொஞ்சம் உண்டு, அது இருக்கிற இடத்தில் இந்த நோயும் வரலாம், அபூர்வம், ஆனால் வரும் என்று டாக்டர் படம் போட்டுக் காட்டினார். பெண்கள் கொஞ்சமாவது தடவிப் பார்ப்பார்கள், ஆண்கள் பார்ப்பதே இல்லை, அதனால் முற்றிய பிறகே வருகிறார்கள் என்றார். உங்களுடையது அவ்வளவு முற்றவில்லை, அதிர்ஷ்டசாலி என்றார். இந்த ஊரில் டாக்டர்கள் அதிர்ஷ்டம் என்ற வார்த்தையை ரொம்பவும் தாராளமாகச் செலவழிக்கிறார்கள்.

இடது மார்பை எடுத்தார்கள், அக்குளிலும் கொஞ்சம் எடுத்தார்கள். அப்புறம் மாத்திரை. அதுவும் பெண்கள் சாப்பிடுகிற அதே மாத்திரை. அதைப் போட்டால் உடம்பு குப்பென்று கொதித்து வியர்க்கும். பனி கொட்டுகிற ஜனவரியில் நான் ஜன்னலைத் திறந்துவைத்து நின்றால், மாதவிலக்கு நின்ற வயதில் இதையெல்லாம் அனுபவித்து முடித்த ரோஸ்லின், இப்பத் தெரியுதா என்று கேட்பாள். தெரிந்தது.

போதாக்குறைக்கு, நோயாளிகள் கூடிப் பேசுகிற குழு ஒன்றில் சேரச் சொன்னார்கள். ஆண்களுக்குக் குழு இல்லை. அதனால் 'அபூர்வ வகைகள்' என்று ஒன்று வைத்திருந்தார்கள், அதில் தள்ளினார்கள். அங்கே போன பிறகுதான் இந்த நோய் எத்தனை வேஷம் போடும் என்று எனக்குத் தெரிந்தது. ரொட்டிக்கடை வைத்திருந்த துருக்கிக்காரப் பெண் ஒருத்திக்குக் கட்டியே கிடையாதாம். மார்பு சிவந்து, சூடாகி, வீங்கி, தோல் ஆரஞ்சுப் பழத்தோல் மாதிரி குழி குழியாக ஆகியிருக்கிறது. பால் கட்டு, கிருமி என்று மாத்திரையை மாற்றி மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். அதற்குள் அது பரவிவிட்டது. ஓய்வுபெற்ற டீச்சர் ஒருத்திக்குக் காம்பில் அரிப்பு, செதில் செதிலாகத் தோல் உரிதல். படை என்று நினைத்துக் களிம்பு தடவிக்கொண்டே இருந்தாளாம். எனக்கு ஏணி. ஆளுக்கொரு பொய்க்காரணம் கைவசம் வைத்திருந்தோம்.

எழுதும்போதே சொல்லிவிடுகிறேன்: கட்டி இருந்தால்தான் புற்று என்றில்லை. சிவப்பு, சூடு, அரிப்பு, உள்ளே இழுத்த காம்பு, ஆறாத புண் எதுவும் மருந்து போட்டும் போகவில்லையென்றால் டாக்டரிடம் போய், இது அதுவா என்று வாய்விட்டுக் கேளுங்கள். ஆண்பிள்ளைகளுக்கும் சேர்த்தே சொல்கிறேன். மீசையைப் பார்த்து அது பயந்து ஓடாது.

4

ஆணுக்கு வந்தால் அடுத்ததாக ரத்தத்தை எடுத்து மரபணுவைப் பார்க்கிறார்கள். என் மரபணுவில் ஒரு பிழை இருந்தது. அப்பாவிடமிருந்து வந்திருக்க வேண்டும் என்றார்கள். அப்பாவின் புண்ணைப் பற்றி நான் சொன்னபோது டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அந்தப் பிழை அண்ணனுக்கும் இருக்கலாம், என் மகளுக்கும் அண்ணன் மகளுக்கும் போயிருக்கலாம், பிழை உள்ளவர் பெற்ற ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பெண்களுக்குப் போயிருந்தால் மார்பிலும் சினைப்பையிலும் வருகிற ஆபத்து அதிகம். முன்கூட்டித் தெரிந்தால் கண்காணிக்கலாம், காப்பாற்றலாம். குடும்பத்தாரிடம் சொல்லுங்கள் என்றார். சுலபமாகச் சொல்லிவிட்டார்.

எங்கள் மகள் லீனா இங்கேயே பிறந்தவள், வேறு ஊரில் தனியாக இருக்கிறாள். சொன்னேன். போய்ச் சோதித்துக்கொண்டாள். முடிவு என்ன என்று கேட்டால், அது என் உடம்பு பற்றிய விஷயம் அப்பா, தயாராகும்போது சொல்கிறேன் என்று ஜெர்மனில் பதில் வந்தது. கோபத்தில் ஆஸ்பத்திரிக்கே போன் போட்டேன். வயது வந்தவரின் முடிவைப் பெற்றவரிடம்கூடச் சொல்ல முடியாது என்று மரியாதையாக வைத்துவிட்டார்கள். பெற்று வளர்த்தவனுக்கு மகளின் ரத்தத்தில் என்ன இருக்கிறது என்று தெரியக்கூடாதாம். என் ரத்தம்தானே அது? இரண்டு வருஷமாகத் தயாராகிக்கொண்டே இருக்கிறாள்.

அண்ணன் அப்படியில்லை. அவர் பெயர் அந்தோணி, இன்னும் வெள்ளக்கடையில்தான் இருக்கிறார், சொந்தமாகக் கொஞ்சம் காப்பியும் மிளகும் வைத்திருக்கிறார். ஊர்க்கதை எல்லாவற்றையும் போனில் கொட்டுவார். யார் வீட்டுப் பன்றி யார் தோட்டத்தில் புகுந்தது என்பது உட்பட எனக்குத் தெரியும். அவரை வீடியோவில் கூப்பிட்டு எல்லாம் விளக்கினேன். முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"ஏந்தம்பி, அதெல்லாம் பொம்பளைங்க சீக்கு. இங்க பாரு, எனக்குந்தான் இருக்குது. ஏணிக் காய்ப்பு. நானென்ன செத்தா போயிட்டேன்?"

சொல்லிக்கொண்டே சட்டைப் பொத்தானைக் கழற்றிப் போனுக்குக் கிட்டே காட்டினார். இடது காம்பு உள்ளே இழுத்துக்கொண்டு, அதைச் சுற்றித் தோல் குழிந்து சுருங்கியிருந்தது.  அப்பாவின் மார்பை அப்படியே பார்த்தேன்.

"அண்ணா, அது காய்ப்பு இல்லீங்க. நாளைக்கே சேலம் எறங்குங்க" என்றேன்.

அவர் பொத்தானைப் போட்டுக்கொண்டார். "ஜெசிந்தாளுக்கு ஓலை வாசிக்கப் போறாங்க. அது முடியட்டும் சாமி."

5

ஜெசிந்தா அவருடைய ஒரே மகள். மாப்பிள்ளை சேலம் டவுனில் பேங்க்கில் வேலை. எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை ஏதாவது தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் அறிவிக்கவும் என்று. அந்த மூன்று வாரமும் பெண்ணைப் பெற்றவர்கள் மூச்சுவிட மாட்டார்கள். தும்மினால்கூடத் தடையாகிவிடுமோ என்று பயம்.

அப்பனுக்கு மார்பில் புற்று, அது மகளுக்கும் வரலாம் என்று தெரிந்தால் சேலத்துக்காரர்கள் நிற்பார்களா என்று அண்ணன் கேட்டார். நோயெல்லாம் திருச்சபைச் சட்டத்தில் தடையில்லை என்று நான் வாதாடினேன். சட்டம் சாமியாருக்கு, சம்பந்தி சட்டம் பார்த்தா பெண் எடுக்கிறார் என்றார்.  கடைசியில் ஒரு பேரம் பேசினோம். கல்யாணம் வரை நான் வாய் திறக்கக் கூடாது. கல்யாணம் முடிந்த மறுவாரம் அவர் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும், போய்விட்டு மகளிடம் தானே சொல்ல வேண்டும்.

எனக்கு அப்போது சிகிச்சை நடந்துகொண்டிருந்தது, போக முடியவில்லை. சித்தப்பன் ஏன் வரவில்லை என்ற கேள்வி வருமே? அதற்கு அண்ணனே பதில் தயார் செய்துவிட்டார். எனக்கு ஹார்ட் ஆபரேஷனாம். ஹார்ட் நோய்க்கு எங்கள் பக்கம் மரியாதை உண்டு. வெளிநாட்டில் பாடுபட்டவனுக்கு வரத்தகுந்த, பெருமையான நோய் அது. ஓலை வாசித்த அதே பூசைகளில் என் இருதயத்துக்காகவும் ஜெபித்தார்கள். கோயிலில் நடப்பதைப் போனில் நேரடியாகக் காட்டுகிறார்கள் இப்போது. இங்கே சமையலறையில் நின்று, ஒரு பக்கம் மார்பில்லாமல், என் நல்ல இருதயத்துக்காக வெள்ளக்கடையே முட்டி போடுவதைப் பார்த்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார்கள், நானும் பக்கத்தில் உட்கார்ந்து சோறு அள்ளிப் போட்டேன்.

கல்யாணம் நன்றாக நடந்தது. மறுவாரம் போன் செய்தேன். மறுவீட்டு விருந்து இருக்கிறது என்றார். அப்புறம் தலைக் கிறிஸ்துமஸ், மகளும் மருமகனும் வருகிறார்கள், சீர் வைக்க வேண்டும். அப்புறம் மிளகு சீசன், ஆள் கிடைக்கவில்லை, தானே ஏற வேண்டியிருக்கிறது. அப்புறம் ஜெசிந்தா முழுகாமல் இருக்கிறாள், இந்த நேரத்தில் அவள் மனசைக் கெடுக்கலாமா? அப்புறம் முதல் பேறுகாலம், தாய் வீட்டில்தானே? ஒவ்வொன்றும் நல்ல காரணம். நம் ஊரில் ஒரு மனிதன் சாவதற்குக்கூட இரண்டு விசேஷங்களுக்கு நடுவில் இடைவெளி தேட வேண்டியிருக்கிறது. சத்தம் போட்டேன், கெஞ்சினேன், ரோஸ்லினை விட்டுப் பேசச் சொன்னேன். உங்களுக்கு அங்க வேற வேலையில்லீங்களா என்று அண்ணி வருத்தப்பட்டார்.

6

புண் உடைந்து சட்டை ஒட்டிக்கொள்ள ஆரம்பித்த பிறகுதான் சேலத்துக்கு இறங்கினார். அங்கே அவரையும் முதலில் பெண்கள் பக்கத்திலிருந்து துரத்தியிருக்கிறார்கள். யாருக்குப் பார்க்கணும், சம்சாரம் எங்கே என்று கேட்டார்களாம். உலகம் முழுக்க ஒரே பாடம்தான் படித்திருக்கிறார்கள். கடைசியில் ஒரு டாக்டரம்மா பார்த்தார். எலும்பு வரை போய்விட்டதாம். இழுத்துப் பிடிக்கலாம், ஒழிக்க முடியாது.

அண்ணன் என்னிடம் அழவில்லை. ஒன்று மட்டும் கேட்டார்.

"ஊருக்கு ஹார்ட்டுன்னே சொல்லிட்டேன் தம்பி. உனக்கும் அதுதான்னு எல்லாத்துக்கும் தெரியுமே, யாரும் சந்தேகப்பட மாட்டாங்க. ஜெசிந்தாகிட்ட நீயும் அதையே சொல்லு. கைக்கொளந்தக்காரி."

எனக்கு வந்த ஆத்திரத்தில் போனைச் சுவரில் அடித்திருப்பேன். என் பேரில் சொன்ன பொய் இப்போது அவர் நோய்க்கும் போர்வையாகிவிட்டது. சாகப் போகிற மனிதரிடம் என்ன சண்டை போட? ஆனால் வாக்கும் கொடுக்கவில்லை. பார்க்கலாமுங்க என்று வைத்துவிட்டேன்.

இன்று சோதனை முடிந்து வீடு திரும்பிக் கோட்டைக் கழற்றும்போது ஜெசிந்தாவே கூப்பிட்டாள். என் உடம்பை விசாரித்தாள். பிறகு, எனக்கு நல்ல செய்தி சொல்கிற குரலில் சொன்னாள்.

"சித்தப்பா, நானும் செக்கப் பண்ணிக்கிட்டனுங்க. அப்பாவுக்கும் ஹார்ட்டு, உங்களுக்கும் ஹார்ட்டு, குடும்பத்துல ஓடுதுன்னு எங்க மாமியாரே கூட்டிட்டுப் போயி ஈ.சி.ஜி. எடுத்தாங்க. எனக்கு ஒண்ணுமில்லீங்களாம்."

 ரோஸ்லின் கதவருகில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இனிமேல் எந்த விசேஷத்துக்காகக் காத்திருப்பது?

"கண்ணு, நான் சொல்றத மட்டும் கேளு. எனக்கு ஹார்ட் இல்ல, உங்கப்பாவுக்கும் இல்ல. ரெண்டு பேருக்கும் மாருல புத்து. உங்க தாத்தாவுக்கும் அதுதான். அது ரத்தத்துல வருது, உனக்கும் வந்திருக்கலாம். அதுக்குத் தனியா ஒரு ரத்த டெஸ்ட் இருக்குது, சேலத்துலயே கேக்கலாம். அதப் பண்ணிக்க சாமி. உன் பொண்ணுக்காகவாவது."

அந்தப் பக்கம் குழந்தை ஏதோ முனகியது.  இரண்டு தடவை ஜெசிந்தா, ஜெசிந்தா என்று கூப்பிட்டேன். அப்போது தூரத்தில் ஒரு பெண்குரல், போனில் யாரு என்று கேட்டது. அவளுடைய மாமியாராக இருக்க வேண்டும்.

"சித்தப்பாங்க அத்தை" என்றாள் ஜெசிந்தா. குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. "ஒண்ணுமில்லீங்க, அப்பாவோட ஹார்ட்டப் பத்திப் பேசிட்டிருக்காரு."

பிறகு என்னிடம், கொஞ்சம் உரக்கவே சொன்னாள்: "சரிங்க சித்தப்பா. ஹார்ட்ட நல்லாப் பாத்துக்கறனுங்க. நீங்களும் பாத்துக்கங்க." போனை வைத்துவிட்டாள்.

"என்னங்க, அவளுக்குப் புரிஞ்சுதா?" என்று கேட்டாள் ரோஸ்லின்.

நொம்ப நல்லாப் புரிஞ்சுக்கிட்டா என்றேன்.